முதலிடத்தில் வைக்கப்பட்டவள்

பிளஸ் டூ படித்த வருடம், வட மாவட்டப் பள்ளிகளிலேயே சிறந்த கால்பந்து ஆட்டக்காரி நான்தான் என்று ஒரு இன்ஸ்டாகிராம் பக்கம் சொன்னது. அதை நடத்தியவர் வேலூர்ப் பக்கத்து இளைஞர். பெண்கள் போட்டி எங்கே நடந்தாலும் பைக்கில் வந்து இறங்கி, கோட்டோரம் நின்று போனில் படம் பிடிப்பார். வருடத்துக்கு ஒருமுறை இருபது பேரைத் தேர்ந்தெடுத்து, கடைசியிலிருந்து முதல்வரை நாளுக்கொருவராகப் போடுவார். கல்லூரிகளில் கோச்சாக இருப்பவர்கள் அதைப் பார்க்கிறார்கள் என்று பேச்சு இருந்ததால், பெண்ணைப் பெற்றவர்கள் தேர்வு முடிவுக்குக் காத்திருப்பதுபோல அதற்குக் காத்திருப்பார்கள்.

என் வீடியோ வந்தது ஒரு பௌர்ணமி அன்று. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி எங்களுக்கு டீக்கடை. மற்ற நாட்களில் அப்பா மட்டும் கடையில் இருப்பார். பௌர்ணமி என்றால் வீட்டில் எல்லோரும் கடையில்தான். நான் தண்ணீர் பாட்டில்களைப் பெட்டியிலிருந்து எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்பா பாய்லர் பக்கத்தில் நின்றுகொண்டே போனைப் பார்த்தார். பிறகு டீ ஆற்றுவதை விட்டுவிட்டு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதை நீட்ட ஆரம்பித்தார்.

"நம்ம பொண்ணு சார். நம்பர் ஒன். பாருங்க, இப்ப கோல் போடுவா பாருங்க."

வெறுங்காலோடு நடந்து களைத்திருந்த ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "ஃபுட்பாலா? பொம்பளப் பசங்களுக்குக்கூட இதெல்லாம் இருக்குதா?" என்றார்.

"இன்னா சார் அப்படிக் கேட்டுட்டீங்க! சென்னைல பெரிய காலேஜெல்லாம் கூப்பிடப் போறாங்க இவள" என்றார் அப்பா. எந்தக் கல்லூரியும் அதுவரை கூப்பிட்டிருக்கவில்லை. அம்மா, "மொதல்ல டீயைக் குடுங்க, ஜனம் நிக்குது" என்று சத்தம் போட்டாள். ஆனால் அவள் முகமும் சிரித்துக்கொண்டுதான் இருந்தது.

அதே வரிசையில் பதினேழாவதாக வந்தவள் என் தோழி. மைதானத்தில் எங்களை ஊர்ப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நான் அடி அண்ணாமலை, அவள் கீழ்பென்னாத்தூர். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பள்ளி, ஒரே அணி. நான் முன்வரிசை, அவள் நடுவில் ஆடுவாள். எனக்கு வேகம் இருந்தது. அவளுக்கு வேகம் கம்மி, பார்க்கச் சோம்பேறிபோல இருப்பாள். பந்து அவளிடம் வருமுன்பே தலையைத் திருப்பி இரண்டு பக்கமும் பார்த்துக்கொள்வாள். அந்தப் பார்வையில் நான் எங்கே ஓடப் போகிறேன் என்பது எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். என் கோல்களில் பெரும்பாலானவை அவள் காலிலிருந்து புறப்பட்டவை. ஆனால் அந்த இளைஞரின் வீடியோக்கள் எப்போதும் பந்து என் காலுக்கு வந்து சேர்ந்த இடத்திலிருந்துதான் தொடங்கும்.

அப்போது அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை. முதலிடத்தில் இருக்கிறவர்களுக்கு அதையெல்லாம் யோசிக்கத் தோன்றாது.

சில வாரங்களில் சென்னைக் கல்லூரி ஒன்றின் கோச் தேர்வு நடத்த எங்கள் ஊர் மைதானத்துக்கு வந்தார். பெண்கள் கால்பந்தில் பெயர் பெற்ற கல்லூரி அது. விளையாட்டு ஒதுக்கீட்டில் எடுத்தால் படிப்பும் ஹாஸ்டலும் அவர்கள் பொறுப்பு. என்னைப் பார்த்ததும், "நீதான அந்த நம்பர் ஒன்?" என்றார். ஒருமுறை ஓடச் சொன்னார். இரண்டு முறை கோலை நோக்கி அடிக்கச் சொன்னார். "சரி, உங்க அப்பாவைப் பேசச் சொல்லு" என்று முடித்துவிட்டார். மற்ற பெண்கள் வெயிலில் மதியம்வரை ஆடினார்கள். அவர்களில் தோழியும் ஒருத்தி. ஆட்டம் முடிந்து அவள் போய் அவர் முன்னால் நின்றபோது அவர் போனிலிருந்து தலை தூக்காமலே, "பாக்கலாம்மா. இருந்தா சொல்லி அனுப்பறோம்" என்றார்.

பஸ் ஸ்டாண்டில் அவளுக்கு என்ன ஆறுதல் சொல்வதென்று நான் தடுமாறிக்கொண்டிருந்தேன். அவள் கொய்யாப்பழம் வாங்கி, பாதியை எனக்குப் பிட்டுக் கொடுத்தாள்.

"நான் இங்கயே சேந்துக்கறேன்டி. நம்ம ஊரு காலேஜ்லயும் டீம் இருக்குது."

"அங்க கோச்சே இல்லியாமே?"

"கோச் இல்லன்னா இன்னா? கிரவுண்டு இருக்குது, பாலு இருக்குது."

அவளுக்காக வருத்தப்பட்டேன். உண்மையாகத்தான்.

சென்னை ஹாஸ்டலில் எங்கள் அறையில் நான்கு பேர். நான்கு பேரும் முன்வரிசை ஆட்டக்காரிகள், நால்வரும் அவரவர் மாவட்டத்தில் முதல். முதல் நாள் ஒருவரையொருவர் அறிமுகப்படுத்திக்கொண்டபோது எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. ஒரு அணியில் முன்வரிசைக்கு இரண்டு இடம். அந்த இரண்டு இடத்திலும் மூன்றாம் வருடத்து அக்காக்கள் இருந்தார்கள். அதில் ஒரு அக்கா துணி காயப்போட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்: "உங்கள ஆட வைக்கறதுக்காகக் கூட்டிட்டு வரலடி. நீங்க வேற காலேஜ்ல போய் ஆடிடக் கூடாதுன்னு கூட்டிட்டு வந்திருக்காங்க." கேலி செய்கிறாள் என்று நினைத்தேன்.

பயிற்சி இரண்டு பிரிவாக நடக்கும். மெயின் பிரிவுக்குக் கோச். ரிசர்வ் பிரிவுக்கு யாரும் கிடையாது. மூத்தவள் ஒருத்தி விசிலோடு நிற்பாள். நாங்கள் ஓடுவோம், படிக்கட்டு ஏறி இறங்குவோம், மெயின் பிரிவு அடிக்கும் பந்துகளை வேலியோரம் போய்ப் பொறுக்கி வருவோம். போட்டிக்கு முன்னால் எதிரணி ஆடுவதுபோல எங்களை நிற்க வைத்து அவர்கள் ஆடிப் பழகுவார்கள். "நகராத, அங்கயே நில்லு" என்பதுதான் கோச் என்னிடம் அதிகம் சொன்ன வார்த்தை.

எனக்கு வலது கால் மட்டும்தான். இடது காலால் பந்தை நிறுத்தத் தெரியும், அடிக்கத் தெரியாது. பள்ளியில் வேகத்தை வைத்துச் சமாளித்துவிட்டேன். இங்கே எல்லோருக்கும் வேகம் இருந்தது. என்னைத் தடுக்கிறவள் வலது பக்கத்தை மட்டும் அடைத்துக்கொண்டால் போதும் என்று சீக்கிரமே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இதை யாராவது உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். முதல் வருடம் முடியும்போது தைரியத்தைத் திரட்டிக்கொண்டு கோச்சிடம் போய்க் கேட்டேன்.

"சார், என்கிட்ட என்ன குறைன்னு சொன்னீங்கன்னா லீவுல சரி பண்ணிக்கறேன்."

"குறையெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. வெயிட் பண்ணு."

திட்டியிருந்தால்கூட எனக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். இரண்டாம் வருடம் அந்த அக்காக்கள் போனார்கள். தெற்கே இருந்து புதிதாக ஒரு முதலிடம் வந்தது, அவளோடு இன்னொன்றும். என்னைப் பக்கவாட்டில் ஆடச் சொன்னார்கள், பிறகு தடுப்பு வரிசையில் வலது ஓரத்துக்கு மாற்றினார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. கல்லூரி கோப்பை வாங்கியபோதெல்லாம் படத்தில் நானும் இருந்தேன், ஜெர்சியில் ஒரு துளி மண் இல்லாமல்.

லீவு கிடைக்கிற பௌர்ணமிகளில் ஊருக்கு வருவேன். அப்பா கடையில் அந்தப் பழைய வீடியோவை விடவில்லை. ஒருமுறை சென்னையிலிருந்து வந்திருந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அந்தக் காலேஜா? என் தங்கச்சி பொண்ணு அங்கதான் படிக்கிறா. போன மாசம் ஃபைனல் பாக்கப் போயிருந்தோமே. நீ ஆடுனியாம்மா?"

நான் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் போய்விட்டேன். குழாயைத் திறந்துவிட்டு, கழுவின டம்ளர்களையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே அப்பா, "ஆடுவா சார், ஆடுவா. மேட்ச்சுக்கு மேட்ச் ஆளை மாத்துவாங்க" என்று ஏதோ சொல்லிச் சமாளிப்பது கேட்டது. அதற்குப் பிறகு அவர் அந்த வீடியோவை யாருக்கும் காட்டி நான் பார்க்கவில்லை. என்னிடம் எதுவும் கேட்கவுமில்லை. போனில் பேசும்போது, "மேட்ச் இருந்துதா?" என்பதற்குப் பதிலாக, "சாப்டியா?" என்று கேட்க ஆரம்பித்தார்.

தோழி அடிக்கடி கூப்பிடுவாள். உள்ளூர்க் கல்லூரியில் உடற்கல்வி மேடம் ஒரு பாஸ்கெட்பால் ஆட்டக்காரி. வந்த முதல் நாளே பெண்களிடம், "எனக்கு ஃபுட்பால் அவ்வளவா தெரியாது. உங்களுக்கு என்ன வேணும்னு நீங்களே சொல்லுங்க, ஏற்பாடு பண்றேன்" என்றாராம். இவர்கள் கேட்டது மேட்ச்தான். மேடம் ஊர் ஊராகப் போன் போட்டார். போலீஸ் பசங்களோடு, ஐடிஐ பசங்களோடு, வேங்கிக்கால் பக்கம் ஆபீஸ் முடிந்து வந்து ஆடும் ஆட்களோடு என்று வாரம் தவறாமல் ஆடினார்கள். பெரும்பாலும் தோற்றார்கள்.

"செவ்வாக்கெழமை வந்தா வலது காலு தொடக் கூடாதுடி. தொட்டா பாலு எதிர் டீமுக்குப் போயிடும். மேடம் ரூலு. பாஸ்கெட்பால்ல எடது கைக்கு இப்படித்தான் கத்துக்கினாங்களாம். மொதல்ல ஒரே சிரிப்பு, ஒருத்தியாலயும் நேரா அடிக்க முடியல."

"இப்ப?"

"இப்ப பரவால்ல."

இந்தப் பேச்சுக்களை நான் முழுதாகக் கேட்டதில்லை. கிராமத்து ஆட்டம் என்று மனசுக்குள் ஒதுக்கிவிட்டு, ஹாஸ்டல் கதைகளைச் சொல்வேன். ஆடவில்லை என்று மட்டும் சொல்ல மாட்டேன். அவளும் கேட்கவில்லை. ஸ்கோர் வருகிற செய்தியில் என் பெயர் இருக்காது என்பது அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

மூன்றாம் வருடம், விழுப்புரத்தில் கல்லூரிகளுக்கான ஒரு அழைப்புப் போட்டி. அரையிறுதியில் எங்களுக்கு எதிராக வந்தது தோழியின் கல்லூரி. பக்கத்து ஊர் என்பதால் அப்பாவும் அம்மாவும் கடையைச் சாத்திவிட்டு வந்தார்கள். கல்லூரியில் நான் ஆடும் ஆட்டத்தை அவர்கள் பார்க்க வந்தது அதுதான் முதல்முறை. அம்மா டப்பாவில் புளிசாதம் கட்டி வந்திருந்தாள். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் எதிர்ப்பக்கத்து வேலியோரம், வெயிலுக்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

அன்று தோழி ஆடியதை நான் மறக்க முடியாது. உடம்பு ஏறியிருந்தது, தோள் அகன்றிருந்தது. அதே சோம்பல் நடை. ஆனால் பந்து வருமுன் அவள் பார்க்கும் அந்தப் பார்வை இப்போது மைதானம் முழுக்க விரிந்திருந்தது. எங்கள் மெயின் பிரிவின் நடுவரிசைப் பெண்கள் இருவர் அவளைத் தடுக்கப் போனார்கள். வலது பக்கம் அடைத்தால் இடது காலால் அனுப்பினாள், இடது பக்கம் அடைத்தால் வலதால். அவர்கள் அணியில் மற்றவர்கள் சாதாரண ஆட்டக்காரிகள். அவள் அனுப்பிய பந்துகளைக் கோலாக்க அங்கே ஆள் இல்லை. பெஞ்சில் இருந்தபடி என் கால் தானாக அசைந்தது. அந்தப் பந்து எங்கே விழும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. நான் அங்கே இருந்திருக்க வேண்டும். எங்கள் அணி பக்கமா, அவள் பக்கமா என்றுகூட அந்த நொடியில் தோன்றவில்லை.

கடைசிப் பத்து நிமிடத்துக்கு என்னை இறக்கினார்கள், வலது தடுப்புக்கு. வந்ததும் அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஐந்தாறு முறை மூச்சு விட்டிருப்பேன், பந்தோடு நேராக என்னிடமே வந்தாள். வலதுபக்கம் போவாள் என்று காலை நீட்டினேன். இடதுகாலால் பந்தை என்னைத் தாண்டித் தள்ளிவிட்டுப் போய்விட்டாள். அவள் அனுப்பியதை அவர்கள் முன்வரிசைப் பெண் வெளியே அடித்தாள். ஒரு பெனால்ட்டியில் நாங்கள் ஜெயித்தோம். ஆனால் ஆட்டம் முடிந்ததும் ஜனம் அவளைத்தான் சுற்றி நின்றது.

அம்மா எனக்குப் புளிசாதத்தைக் கொடுத்தாள். அப்பா தலையிலிருந்த துண்டை எடுத்து உதறிவிட்டு, "அந்தப் பொண்ணு நல்லா ஆடுதுல்ல" என்றார்.

"ஆமாப்பா."

"ஸ்கூல்ல இப்படி ஆடலியே."

"ஆடலப்பா."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டுவிட்டார். பள்ளியில் பதினேழாவதாக இருந்தவள் மூன்று வருடத்தில் எங்கேயோ போயிருந்தாள். நான் பிளஸ் டூவில் எப்படி இருந்தேனோ அப்படியே, அதற்கும் கொஞ்சம் கீழே இருந்தேன். எனக்கு எரிந்தது. யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை. கோச்மேல் என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் என் கண் திரும்பத் திரும்பப் போனது, வேலியோரம் மேடத்தின் தோளில் கைபோட்டுச் சிரித்துக்கொண்டிருந்த அவள்மேல்தான்.

அன்று மாலை கோச் என்னைக் கூப்பிட்டார். மூன்று வருடத்தில் அவராக என்னைக் கூப்பிட்டது அப்போதுதான்.

"அந்த மிட்ஃபீல்டு பொண்ணு உன் ஃப்ரெண்டாமே?"

"ஆமா சார்."

"எங்க இருந்தா இவ இவ்வளவு நாளா?"

நீங்கள்தான் சார் அவளைத் திருப்பி அனுப்பினீர்கள் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அவருக்கு அது ஞாபகமே இல்லை என்று முகத்தில் தெரிந்தது.

"எம்.ஏ.க்கு அவளை நம்ம காலேஜுக்குக் கொண்டு வரணும். இன்னும் ரெண்டு காலேஜ்காரங்க அவகிட்ட பேசறாங்கன்னு கேள்வி. நீ சொன்னா கேப்பா. உனக்கும் பி.ஜி. சீட் வேணும்னு எழுதிக் குடுத்திருக்கல்ல? ரெண்டு பேரும் சேந்து வாங்களேன்."

அவர் மிரட்டவில்லை, பேரம் பேசியதாகக்கூட அவர் நினைத்திருக்க மாட்டார். எனக்கு அந்த சீட் வேண்டும். இன்னும் இரண்டு வருடம் இருந்தால், அவளும் என்னோடு ஆடினால், அவள் அனுப்பும் பந்து பழையபடி என் காலுக்கு வந்தால், என்று இரவெல்லாம் கணக்குப் போட்டேன். கணக்கு நன்றாகத்தான் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கீழ்பென்னாத்தூர் போனேன். அவர்கள் வீட்டில் வேர்க்கடலை அறுவடை, எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். செடிகளைப் பிடுங்கி வந்து வாசலில் குவித்து வைத்திருந்தார்கள். அவளும் அவள் அம்மாவும் காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். நானும் உட்கார்ந்து ஆய ஆரம்பித்தேன். அவள் அம்மா எனக்குக் காப்பி போட உள்ளே போனதும் அவளே ஆரம்பித்தாள்.

"உங்க கோச் மூணு வாட்டி போன் பண்ணிட்டாருடி. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. நீ சொல்லு, வரட்டுமா?"

பஸ்ஸில் வரும்போது, வா என்று சொல்லத்தான் வந்தேன். பச்சைக் காயை விரலால் நசுக்கிக்கொண்டே இருந்தேன். அவள் இடது காலைப் பார்த்தேன். செம்மண் அப்பிய அந்தக் கால் ஹாஸ்டல் மைதானத்தில் வேலியோரம் பந்து பொறுக்குவதை நினைத்துப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அறையில் இருந்த நான்கு முதலிடங்களை, ரிசர்வ் பிரிவை, நகராத என்ற சொல்லை, துணி காயப்போட்ட அக்கா சொன்னதை. மூன்று வருடத்தில் நான் ஆடிய நேரம் ஒரு முழு மேட்சுக்குக்கூட வராது என்பதை. அவளிடம் அதைச் சொன்னது அதுதான் முதல்முறை.

"வராதடி. உன்னைக் கெடுத்துடுவாங்க. மேடத்தையே கேளு, வேற எங்கயாவது ஆட வைக்கிற எடமா பாத்துக்கலாம்."

அவள் ஆய்வதை நிறுத்திவிட்டாள்.

"இதெல்லாம் நீ ஏன் இத்தினி நாளா சொல்லல?"

"எப்படிச் சொல்றது?"

"நேத்து போன்ல கோச் சொன்னாரு, உன் ஃப்ரெண்டு வந்து பேசுவா, அவளும் இருக்கப் போறான்னு. நீ இருக்கப் போற எடத்துக்கு என்னை வராதன்ற."

நான் இன்னொரு செடியை மடியில் இழுத்துக்கொண்டேன். அவள் குரலை உயர்த்தவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"உன்ன ஆட வைக்கலன்னா, என்னையும் ஆட வைக்க மாட்டாங்களா?"

அவள் அம்மா காப்பியோடு வந்துவிட்டாள். "ரெண்டு பேரும் ஒரே காலேஜுக்குப் போனீங்கன்னா எங்களுக்கும் நிம்மதிம்மா" என்றாள். நான் காப்பியைச் சூடாகவே குடித்துவிட்டுக் கிளம்பினேன். அவள் பஸ் நிறுத்தம்வரை வரவில்லை. நான் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. ஆனால் அதைச் சொல்லும்போது எனக்குள் பொறாமை இல்லை என்று சத்தியம் செய்யச் சொன்னால் என்னால் முடியாது. அவள் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று பஸ் பயணம் முழுக்க யோசித்துக்கொண்டு வந்தேன்.

அவள் சேர்ந்துவிட்டாள். சேருவதற்கு முன் கோச்சிடம் வெகுளியாகக் கேட்டிருக்கிறாள், "என்னை பெஞ்ச்லயே உக்கார வைக்க மாட்டீங்கல்ல சார்?" என்று. யார் அப்படிச் சொன்னது என்று அவருக்குப் புரியாதா? பி.ஜி. பட்டியலில் என் பெயர் வரவில்லை. விடைபெறப் போனபோது, "ஆல் த பெஸ்ட்மா" என்றார், அதே நிதானத்தோடு. அப்பா சென்னைக்கு வந்து என் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். கோயம்பேட்டில் பஸ் ஏறி உட்கார்ந்ததும், "வுடு. படிச்சல்ல, அது போதும்" என்றார். செஞ்சி தாண்டும்வரை அவர் கை என் கையின்மேல் இருந்தது.

ஊர் திரும்பி உடற்கல்விப் படிப்பில் சேர்ந்தேன். தோழியிடமிருந்து போன் இல்லை. நானும் கூப்பிடவில்லை. சென்னைக் கல்லூரியின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஒவ்வொரு போட்டி முடிந்ததும் படம் போடுவார்கள். அதில் அவள் ஓரமாக, சுத்தமான ஜெர்சியில் நிற்பாள். அந்தப் படங்களை நான் விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் எனக்குள் ஒரு சின்னக் குளிர்ச்சி பரவியது. நான் சொன்னேனே என்ற குளிர்ச்சி. அது பரவி அடங்கியதும் சோறு இறங்காது.

பொங்கலுக்குக் கொஞ்ச நாள் முன்னால் அவள் கூப்பிட்டாள். எடுத்ததும் அழுதாள். பிறகு சொன்னாள்.

"நீ சொன்ன மாதிரியேதான் இருக்குதுடி. லெஃப்ட் பேக்ல நிக்க வைக்கிறாரு. நகராதன்றாரு. நான் வந்துடட்டுமா? டிசி வாங்கிக்கினு வந்துடறேன். மேடம்கூட சேத்துக்குவாங்க."

வா என்றால் வந்திருப்பாள். எங்கள் இருவருக்கும் அதுதான் சுலபம். இரண்டு பேரும் ஒரே மாதிரி திரும்பி வந்தவர்களாக, பஸ் ஸ்டாண்டில் கொய்யாப்பழம் தின்றுகொண்டு, கோச்சைத் திட்டிக்கொண்டு இருந்திருக்கலாம். அந்தக் காட்சி எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"வராத. இரு" என்றேன்.

"நீதான வராதன்ன?"

"சேராதன்னேன். இப்ப சேந்துட்ட. எனக்கு ஒரு காலுதான் இருந்துது, உனக்கு ரெண்டு இருக்குது. அவங்க சொல்லிக் குடுக்காட்டி போவட்டும், உனக்குத் தெரியும். காலைல சீக்கிரம் எழுந்து நீயே அடி. செவ்வாக்கெழமை ரூலை விடாத."

அவள் போனை வைத்துவிட்டாள். கோபம் என்று மட்டும் புரிந்தது.

அந்த சீசன் முடிவதற்குள் நடுவரிசைப் பெண் ஒருத்திக்கு முழங்கால் போனது. வேறு வழியில்லாமல் தோழியை இறக்கினார்கள். அதற்குப் பிறகு அவளை வெளியே எடுக்க யாராலும் முடியவில்லை. மாநில அணி முகாமில் முதல் வருடம் கடைசி நாள்வரை இருந்தும் தேர்வாகாமல் திரும்பினாள். அடுத்த வருடம் அணியில் ஆடினாள். அந்த ஆட்டங்களை யூடியூபில் பார்த்தேன். வர்ணனை செய்தவர் எங்கள் சென்னைக் கல்லூரியின் பெயரைச் சொல்லி, அது உருவாக்கிய ஆட்டக்காரி என்று சொன்னார். பாஸ்கெட்பால் மேடம் அதைக் கேட்டாரா என்று தெரியவில்லை. அவரைக் கடைவீதியில் பார்க்கும்போதெல்லாம் கேட்க நினைத்து விட்டுவிடுவேன்.

படிப்பு முடிந்து வேங்கிக்காலில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாகச் சேர்ந்தேன். போன ஆவணி மாதம் ஒரு சனிக்கிழமை, பிள்ளைகள் போன பிறகு வலைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது கேட்டில் அவள் நின்றுகொண்டிருந்தாள். மூன்று வருடமாக நேரில் பார்க்கவில்லை. சென்னையில் ஒரு கிளப்பில் ஆடுகிறாள், காலையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் குழந்தைகளுக்குச் சொல்லித்தருகிறாள். முழங்காலில் பட்டை கட்டியிருந்தாள். தம்பிக்குப் பெண் பார்த்திருக்கிறார்கள், அதற்காக ஊருக்கு வந்தேன் என்றாள்.

இருவரும் கொஞ்ச நேரம் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தோம். அவள் எனக்கு இடது பக்கமாகவே அனுப்பினாள். நான் தடுமாறித் தடுமாறித் திருப்பி அனுப்பினேன். பிறகு அவளுக்கு முழங்கால் வலிக்க, மேடையோரம் உட்கார்ந்தோம்.

"ஒண்ணு கேக்கட்டுமா? மனசுல வெச்சிக்காத" என்றாள். "அன்னைக்கு மல்லாட்டை ஆஞ்சிகினு வராதன்னு சொன்னியே. அது எனக்கோசரமா, உனக்கோசரமா?"

இதற்கான பதிலை நான் பலமுறை மனசுக்குள் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அது எதுவும் சரியாகத் தோன்றவில்லை.

"தெரியல. ரெண்டும் கலந்துதான் இருந்திருக்கும்."

அவள் தலையாட்டினாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். முழங்கால் பட்டையை அவிழ்த்துத் தளர்த்திக் கட்டினாள்.

"பொங்கலுக்கு முன்னாடி இருன்னியே, அப்ப உம்மேல வந்த கோவம் மாதிரி எனக்கு யார்மேலயும் வந்ததில்ல. வான்னு சொல்லுவன்னுதான் போன் பண்ணேன்."

"தெரியும்."

"தெரிஞ்சும் சொல்லல."

"ஆமா."

"இந்தக் காலு இன்னும் ரெண்டு வருசம் தாங்குமாம், டாக்டர் சொல்றாரு. அப்புறம் இன்னா பண்றதுன்னு தெரியல. சில நாளு, அப்பவே வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்னு தோணுது. சில நாளு இல்ல."

நான் பந்தைக் காலடியில் நிறுத்திக்கொண்டேன். இந்த முறை எதுவும் சொல்லக் கூடாது என்று மட்டும் தோன்றியது. இரண்டு முறை அவளுக்கு வழி சொல்லிவிட்டேன். சொன்னதில் எது அவளுக்கு நல்லது செய்தது, எது கெடுத்தது என்று இன்றுவரை எனக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

வாட்ச்மேன் வந்து கேட்டைப் பூட்ட வேண்டும் என்றார். என் ஸ்கூட்டியில் அவளை ஏற்றிக்கொண்டு போனேன். காலை மடக்க முடியாமல் ஒருபக்கமாக உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் கூட்டம். ஏறி, கம்பியைப் பிடித்து நின்றபடி, "தம்பி கல்யாணத்துக்கு வந்துடு, அப்பா அம்மாவையும் கூட்டிக்கினு வா" என்று ஜன்னல் வழியாகக் கத்தினாள். வருகிறேன் என்று கையாட்டினேன். யாரோ ஒருவர் எழுந்து அவளுக்கு இடம் கொடுப்பது தெரிந்தது. அதன்பிறகு ஸ்கூட்டியைக் கிளப்பினேன்.